வீட்டில் அம்பு கட்டப் போகிறீர்களா? முதல் தண்டை வெட்டும் முன் இதைப் படியுங்கள்

வில் வாங்கி மூன்றாவது மாதமே நான் பன்னிரண்டு கார்பன் தண்டுகளை வாங்கி, பன்னிரண்டையும் ஒரே நாளில் 26 அரை அங்குலத்துக்கு வெட்டிவிட்டேன். அன்றைக்கு என் கை இழுத்த தூரத்துக்கு அது சரியான அளவுதான். இரண்டு மாதம் கழித்து பயிற்சியாளர் என் தோளைத் திருத்தி நிற்க வைத்ததும் இழுவை ஒரு அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டது. முழுசாக இழுத்தால் அம்பின் முனை, அம்பு உட்காரும் வில்லின் தாங்கியைத் தாண்டி என் இடது கைப்பக்கம் வந்து நின்றது. அந்த நிலையில் விரலை விட்டிருந்தால் அம்பு கையில்தான் ஏறியிருக்கும். பன்னிரண்டையும் திடலில் பழகும் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, முதலில் இருந்து தொடங்கினேன். பணம் போனது ஒரு பக்கம். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஒரு பிளாட் வீட்டில். இடவசதி இல்லாதவர்களுக்கும் இது ஒத்துவரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டு மேசையில் வைத்துத் தோட்டா நிரப்புவதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் செய்யலாமா என்று என்னிடம் இரண்டு தம்பிகள் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதே குற்றம், தயாரிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. கையால் அளந்து, எடைபோட்டு, ஒன்றைப்போல ஒன்றாகச் செய்து, அதை இலக்கில் சோதித்துப் பார்ப்பதுதான் உங்களுக்குப் பிடித்த விஷயம் என்றால், அம்பு கட்டுவதில் அது அத்தனையும் இருக்கிறது. எடையைக்கூட, தோட்டாவுக்குச் சொல்வதுபோலவே, இங்கேயும் கிரெயின் என்ற சின்ன அளவில்தான் சொல்கிறார்கள்.

கீழே உள்ளதெல்லாம் ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் வில்) விரலால் இழுத்து எய்பவர்களுக்கு. கப்பிகள் உள்ள காம்பவுண்ட் வில் வைத்திருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

1. இழுவை நிலைக்கும் வரை பொறுங்கள்

புதிதாகப் பழகுபவரின் இழுவை முதல் சில மாதங்களில் மாறிக்கொண்டே இருக்கும். முதுகு வேலை செய்யத் தொடங்கும், தோள் இறங்கும், தாடையில் கை வந்து நிற்கும் இடம் மாறும். அதுவரை கிளப்பின் அம்பையோ, வெட்டாத நீள அம்பையோ வைத்துப் பழகுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஆளை வைத்து இழுவையை அளந்து நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து நான்கைந்து வாரம் கால் அங்குலத்துக்குள் நின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

எப்படி அளப்பது? நீளமான அம்பு ஒன்றை ஏற்றி முழுசாக இழுத்து நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர், தாங்கியின் முன்விளிம்புக்கு நேராக அம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடட்டும். அம்பின் பின்முனையில் இருக்கும் துண்டுக்குப் பெயர் நாக் (nock); நாண் உட்காரும் அந்த நாக் பள்ளத்தின் அடியில் இருந்து அந்தக் கோடு வரை அளந்துகொள்ளுங்கள். தண்டு அதைவிடக் குறைந்தது ஒரு அங்குலம் நீளமாக இருக்க வேண்டும். புதியவர் என்றால் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். நீளமாக இருக்கும் அம்பை நாளைக்கும் வெட்டலாம். குட்டையாகிப்போனதை யாராலும் நீட்ட முடியாது.

கூடவே வில்லின் உண்மையான பலத்தையும் அளந்துவிடுங்கள். வில்லின் கையில் (மேலும் கீழும் வளையும் பாகம்) 30 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது 28 அங்குல இழுவைக்கான கணக்கு. ஒரு அங்குலம் கூடினால் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு மாறும். நான் பயணப் பெட்டியை நிறுக்கும் தொங்கு தராசை நாணில் மாட்டி, என் இழுவைத் தூரம் வரை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அதுவே போதும்.

2. ஸ்பைன்: பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான்

ஸ்பைன் என்பது தண்டு எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண். 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம், அதாவது 0.500 அங்குலம் தாழ்ந்தால் அதன் ஸ்பைன் 500. எண் ஏற ஏறத் தண்டு அதிகம் வளையும் என்று நினைவில் வையுங்கள். 'பெரிய எண், பலமான தண்டு' என்று நினைத்துக்கொண்டு தலைகீழாக வாங்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தண்டு தயாரிக்கும் நிறுவனங்கள் எல்லாமே ஸ்பைன் அட்டவணை போடுகின்றன. நீங்கள் அளந்த பவுண்டையும் தண்டின் நீளத்தையும் வைத்து அதில் பாருங்கள். வேறு நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து இந்த நிறுவனத்தின் தண்டை வாங்காதீர்கள். நண்பர் வைத்திருக்கிறார் என்று அதே எண்ணை வாங்குவதும் கூடாது, அவர் கை வேறு, உங்கள் கை வேறு.

இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்து விளையாடும். தண்டை நீளமாக விட்டால் அது இன்னும் மெலிந்ததுபோல, அதாவது அதிகம் வளைவதுபோல, நடந்துகொள்ளும். கனமான முனை போட்டாலும் அப்படித்தான். வெட்டினாலோ முனையின் எடையைக் குறைத்தாலோ விறைப்பாகும். இந்த நாலு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் 7வது படியில் நடப்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அலுமினியத் தண்டிலும் தொடங்கலாம், மலிவு, எடை சீராக இருக்கும். அதில் 1816 என்று போட்டிருந்தால், குறுக்களவு அங்குலத்தில் 64இல் 18 பங்கு, சுவரின் கனம் 0.016 அங்குலம். வளைந்துபோவதுதான் அதன் குறை.

3. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்

எனக்கு ஆன கணக்கை அப்படியே தருகிறேன், உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தண்டு ஒன்று 18 வெள்ளி (ரிங்கிட்) வீதம் பன்னிரண்டுக்கு 216. நாக் 15, முனைகள் 40, பிளாஸ்டிக் இறகுகள் 25. ஆக அம்புக்கு மட்டும் 296 வெள்ளி. கருவிகளில் இறகைப் பிடித்து ஒட்டும் ஜிக் 75, சூப்பர் குளூ 12, முனைக்கான ஹாட் மெல்ட் (சூட்டில் உருகும் பசை) குச்சி 10, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 8, நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு 30. மொத்தம் 431. கடையில் கட்டி முடித்த அம்பு இதைவிட மலிவாகவே கிடைக்கும், காசு மிச்சம் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். கருவிச் செலவு ஒரு தடவைதான் என்பதும், ஒரு இறகு பிய்ந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம் என்பதும்தான் லாபம்.

ஆல்கஹால் மருந்துக்கடையில் கிடைக்கும், பசையும் மணல்தாளும் பக்கத்து ஹார்ட்வேர் கடையில். தண்டும் ஜிக்கும் வில்வித்தைக் கடையிலோ ஷோப்பி இணையக் கடையிலோ வாங்க வேண்டியதுதான். வெளிநாட்டில் இருந்து வரும் பொருள் என்றால் வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 500 வெள்ளி வரையிலான பொருட்களை இணையத்தில் வெளிநாட்டில் இருந்து வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 500ஐத் தாண்டினால் சுங்கக் கணக்கு தனி. எனக்குத் தண்டு வந்து சேர இரண்டரை வாரம் ஆனது. போட்டிக்கு முந்தைய வாரம் ஆர்டர் போட்டுவிட்டுத் தவிக்காதீர்கள், குறைந்தது ஆறு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது: ஒவ்வொரு தண்டையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஸ்பைன் எண் பன்னிரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். எனக்கு வந்த கட்டில் ஒன்று மட்டும் வேறு எண். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்ததால் மாற்றித் தந்தார்கள். வெட்டிய பிறகு எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அதிகம் இல்லை, ஆனால் இருக்க வேண்டும். வில்லும் அம்பும் வாங்கிய ரசீது, கிளப் உறுப்பினர் அட்டை, அப்புறம் உங்கள் மைகார்டு (அடையாள அட்டை). பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர்களைப் பிடிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் திடலுக்குப் போகிறீர்கள் என்பதைச் சொல்ல இந்தத் தாள்கள் உதவும். எல்ஆர்டி ரயிலில் போகும்போது வில்லைக் கழற்றிப் பையில் போட்டு, அம்பை மூடிய குழாயில் வையுங்கள். திறந்த அம்பறாத்தூணியோடு நடமாட வேண்டாம். தாமான் (குடியிருப்பு) பூங்காவிலோ பிளாட்டின் கார் நிறுத்துமிடத்திலோ 'ஒரே ஒரு அம்பு' என்று எய்து பார்ப்பதும் கூடவே கூடாது.

இன்னொரு தாள், உங்கள் நோட்டுப் புத்தகம். இழுவை, பவுண்டு, தண்டின் பெயர், ஸ்பைன், வெட்டிய நீளம், முனையின் எடை, இறகு எங்கே தொடங்குகிறது, எல்லாம் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு அம்பைப் புதிதாகக் கட்ட வேண்டி வரும்போது அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் பழைய பதினொன்றோடு அது சேரவே சேராது.

5. வெட்டுவது: முதலில் மூன்று மட்டும்

பன்னிரண்டையும் வெட்டாதீர்கள். மூன்றை மட்டும், நினைத்ததைவிட அரை அங்குலம் நீளமாக வெட்டுங்கள்.

கார்பனைக் குழாய் வெட்டும் கட்டரால் அழுத்தி வெட்டக்கூடாது, இழைகள் நசுங்கிப் பிளந்துவிடும். வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரம்தான் வேண்டும். அது வீட்டில் இல்லை என்றால் வில்வித்தைக் கடையிலோ கிளப்பிலோ வெட்டித் தரச் சொல்லுங்கள், நான் இப்போதும் அப்படித்தான். நீங்களே வெட்டுவதானால் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, தண்டைச் சுழற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். என்95 முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். வெட்டிய இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். காற்றாடி ஓடக்கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

வெட்டிய விளிம்பை 400 மணல்தாளில் தட்டையாக வைத்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து உள்ளே விட்டால் முதல் குச்சி கன்னங்கரேலென்று வரும். குச்சி வெள்ளையாக வரும் வரை விடாதீர்கள், தூசியின் மேல் ஒட்டிய முனை முதல் நாளே இலக்குப் பலகையில் தங்கிவிடும்.

6. முனையும் இறகும்

முனைக்கு ஹாட் மெல்ட் நல்லது, பின்னால் கழற்ற முடியும். குறைந்த சூட்டில் உருகும் வகையை வாங்குங்கள். முனையை இடுக்கியில் பிடித்து, முனையைத்தான் சூடாக்க வேண்டும், தண்டை ஒருபோதும் நெருப்பில் காட்டக்கூடாது. கார்பனைப் பிடித்திருக்கும் பிசின் சூட்டில் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனையில் தண்டுக்குள் போகும் பகுதியில் பசையைத் தடவி, திருகிக்கொண்டே உள்ளே தள்ளி, பிதுங்கியதைத் துடைத்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் முடிந்தது.

இறகு ஒட்டுவதுதான் எனக்கு அதிக நாள் பிடித்த வேலை. காரணம் நம் ஊர்க் காற்று. சூப்பர் குளூ காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. சாயங்கால மழை பெய்து ஓய்ந்த நேரத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டினேன். இறகை அழுத்துவதற்குள்ளேயே பசை இறுகிக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால் கறுப்புத் தண்டில் இறகின் இரண்டு பக்கமும் திருநீறு பூசியதுபோல வெள்ளைப் படலம். ஈரமும் அதிகப் பசையும் சேர்ந்தால் அப்படி ஆகும். இப்போது சன்னலைச் சாத்தி, ஏர்கான் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பசை மூடியைத் திறக்கிறேன். பாட்டிலை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துப் பசை கட்டியாகிவிடும்.

ஒட்டும் இடத்தையும் இறகின் அடியையும் ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரலே படக்கூடாது. வடை தின்ற கை என்றில்லை, கழுவிய கையிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். இறகை ஜிக்கின் பிடியில் வைத்து, அடியில் முடி அளவுக்கு மெல்லிய கோடாகப் பசை விட்டு, தண்டில் அழுத்தி ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். இறகின் பின்நுனி நாக்கில் இருந்து 25 முதல் 30 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் விரலில் உரசாது. மூன்று இறகும் 120 பாகையில் வரும். தனி நிறத்தில் இருக்கும் இறகு நாக் பள்ளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், எய்யும்போது அது வில்லைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும். ஒன்று முதல் மூன்று பாகை சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்று போகும். எந்தச் சாய்வு வைத்தாலும் எல்லா அம்புக்கும் அதே சாய்வு, அதே பக்கம். கடைசியில் இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒவ்வொரு பொட்டு பசை. இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

நாக் நாணில் எப்படி உட்காருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டால் அது தானாக விழக்கூடாது, நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். இறுக்கமான நாக் அம்பைக் கோணலாக அனுப்பும். மிகத் தளர்வாக இருந்தால் இன்னும் ஆபத்து: இழுக்கும்போதே அம்பு நழுவி, வெறும் நாணை விட்டால் வில்லே உடையலாம்.

7. தராசும் திடலும்

ஒரு கிராம் 15.43 கிரெயின். மூன்று அம்பையும் நிறுத்துப் பாருங்கள், 0.2 கிராமுக்குள் இருந்தால், அதாவது சுமார் மூன்று கிரெயினுக்குள், நிம்மதி. அம்பின் மொத்த எடை வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் இருக்க வேண்டும், 30 பவுண்டுக்கு 150. அதற்கும் கீழே போனால் வில்லுக்கு அடி.

பிறகு சமநிலை. அம்பை விரலில் வைத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 28 அங்குல அம்பு நாக்கில் இருந்து 17.5 அங்குலத்தில் நின்றால், பாதியான 14ஐக் கழித்து வரும் 3.5ஐ 28ஆல் வகுத்தால் 12.5 விழுக்காடு. ரிகர்வ் கார்பன் அம்புக்கு 11 முதல் 16 வரை நல்ல இடம்.

திடலில் 18 மீட்டரில் நின்று இறகுள்ள இரண்டு அம்பையும் எய்யுங்கள். மூன்றாவதன் இறகை உரித்துவிட்டு அதையும் எய்யுங்கள் (மூன்றாவதுக்கு இறகு ஒட்டாமலே வைத்திருந்தால் இன்னும் நல்லது). வலதுகைக்காரருக்கு இறகில்லாத அம்பு இடது பக்கம் போய்க் குத்தினால் தண்டு விறைப்பு, வலது பக்கம் போனால் மெலிவு. இடதுகைக்காரருக்கு இது அப்படியே மாறும். மெலிவு என்றால் கால் அங்குலம் வெட்டுங்கள், மறுபடி எய்யுங்கள். விறைப்பு என்றால் கனமான முனை. ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள், மூன்று வெவ்வேறு நாள் எய்து அதே திசையில் விழுந்தால்தான் நம்பலாம். எனக்கு இந்த ஒரு படிக்கே பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாள்தான் மிச்ச ஒன்பது தண்டையும் காப்பாற்றியது.

முடிவு திருப்தியாக வந்த பிறகு மிச்ச ஒன்பதையும் அதே நீளத்தில் வெட்டிக் கட்டுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் உலக வில்வித்தைச் சம்மேளன விதியை இப்போதே கடைப்பிடியுங்கள்: தண்டு 9.3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு தண்டிலும் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும், ஒரு சுற்றில் எய்யும் அம்புகளின் இறகும் நாக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கருவிப் பரிசோதனை மேசையில் நின்றுகொண்டு மார்க்கர் பேனா தேடிய அவசரம் எனக்கு வந்தது, உங்களுக்கு வர வேண்டாம்.

8. ஒவ்வொரு முறையும் எய்யும் முன்

இதைத் தவிர்க்கவே கூடாது. கார்பன் அம்பு வேறொரு அம்பில் பட்டிருந்தாலோ, இரும்புச் சட்டத்தில் அடித்திருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, திருப்பித் திருப்பி, காதருகே வைத்துக் கேளுங்கள். முனையில் இருந்து நாக் வரை பஞ்சால் உருவுங்கள், பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே இழை எழும்பியிருக்கிறது. சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் வந்தாலும் அந்த அம்பை எய்யாதீர்கள். முனையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, தண்டை டேப் சுற்றி இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் பிள்ளைகள் யாராவது எடுத்து நாணில் ஏற்றிவிடுவார்கள்.